பச்சை விளக்குகள் அணையவே இல்லை

நர்சிங் கல்லூரியின் பெரிய அரங்கத்தில் அன்று மதியம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மைக்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தாலும் சரி, அந்த எரிச்சலை நினைத்தாலும் சரி, இன்றைக்கும் அவள் செய்துகொண்டிருக்கும் வேலை அப்படியே நின்றுபோகிறது.

மைக்கம்மா என்பது ஊர் வைத்த பெயர். கம்பியில்லா மைக்குகளை வாடகைக்குக் கொண்டுபோய்ப் பொருத்தி, நிகழ்ச்சி முடியும்வரை அவற்றைக் கட்டி மேய்ப்பது அவள் பிழைப்பு. கூட்டமோ, நாடகமோ, பள்ளி விழாவோ, அரங்கத்தின் பின்வரிசையில் ஒரு மேஜை. அதன்மேல் மைக்குகளின் ஒலியை வாங்கும் ரிசீவர் பெட்டிகள். அவற்றுக்குப் பின்னால் காதில் ஹெட்போன் மாட்டிய, தலை நிமிராத ஒரு பெண். அவள் முகம் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. சத்தம் நின்றுபோனால் மட்டும், "மைக்கம்மா எங்கே?" என்று அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பித் தேடுவார்கள்.

கட்டியவன் கைவிட்டு, ஒரே ஒரு துணிப்பையோடு அவள் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்ற நாளில் கதவைத் திறந்தவள் அண்ணி.

"உள்ள வா. வாசல்ல நின்னு அழுதா பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் பொழுது போகும்" என்றாள்.

அன்று உள்ளே போனவள்தான். மாடி அறை அவளுடையதாயிற்று. அண்ணனின் ஒரே மகள் பாப்பா அவள் மடியில் வளர்ந்தாள். அண்ணனின் தொழில் இரண்டு பேரின் தொழிலாயிற்று. அவருக்குக் கணீரென்ற குரல். இவளுக்குக் கூர்மையான காது. எந்த அரங்கத்துக்குப் போனாலும் அண்ணன் மைக்கைப் பிடித்து எண்ணிக்கொண்டே மூலை முடுக்கெல்லாம் நடப்பார். இவள் சிக்னலின் பலத்தைக் காட்டும் ரிசீவரின் பச்சை விளக்குகளைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். எந்த மூலையில் சிக்னல் குறைகிறது, எங்கே குரல் அறுகிறது என்று இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவருக்குச் சளி பிடித்திருக்கிறதா, காலையில் அண்ணியோடு சண்டையா, சாப்பிட்டாரா இல்லையா என்பதெல்லாம் அவர் சொல்லும் முதல் "ஒன்னு"விலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள், பாவி!

ஊரில் உள்ள பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் பேசிய மைக்குகளில் அண்ணன்தான் முதலில் பேசியிருக்கிறார். ஆனால் என்ன பேசினார்? வெறும் எண்கள். எண்ணி முடித்ததும் மைக்கைத் துடைத்து வேறு யார் கையிலாவது கொடுத்துவிட்டு மேடையைவிட்டு இறங்கிவிட வேண்டும். தனக்கென்று ஒரு வாக்கியத்தை அவர் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

அந்த வாய்ப்பு அன்று வந்திருந்தது. பாப்பா அந்த நர்சிங் கல்லூரியில் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கும் நாள். ஒலி ஏற்பாடும் இவர்களுடையதே. பெற்றோர் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்று வந்தபோது, "உங்க மகதான் முதல் மாணவி. நீங்களே பேசிடுங்களேன்" என்று கல்லூரி முதல்வர் அம்மாள் அண்ணனைக் கேட்டார். அதைக் கேட்டு வீடு திரும்பிய மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. குளியலறையில் பேச்சு. கண்ணாடி முன்னால் பேச்சு. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "பெரியோர்களே!" என்று திடீரென்று ஒரு முழக்கம்.

"வீட்டுல ஒரு வார்த்தை சேர்ந்தாப்ல பேசத் தெரியாது, இவரு மேடையில பேசப் போறாராம்" என்றாள் அண்ணி.

"உன் எதிர்ல எவனுக்குடி வாய் வரும்? மேடையில நீ இல்ல பாரு, அங்க தன்னால வந்துடும்."

"நான் முன்வரிசையில உக்காந்து உங்களையே முறைச்சுப் பாக்கிறேன் இருங்க."

"தங்கச்சி, இவ உக்கார்ற நாற்காலியில ஒரு மைக்க வச்சுடு. இவ பெருமூச்சு விடறது ஊருக்கே கேக்கட்டும்."

இந்தக் கூத்தை மாடிப்படியில் நின்று கேட்டுச் சிரித்தவள்தான் மைக்கம்மா. அண்ணன் தன் மகளுக்காக அந்த மேடையில் நாலு வார்த்தை பேசிவிட வேண்டும். அவள் வேண்டிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

விழா மாலையில். காலையிலேயே இருவரும் அரங்கத்துக்குப் போய்விட்டார்கள். ரிசீவர்களை ஆள் தலைக்கு மேலே இருக்கும்படி உயரமான தாங்கியில் ஏற்றினாள்; கூட்டம் எழுந்து நின்றால் மனித உடம்பே சிக்னலைக் குடித்துவிடும். மைக்குகளின் ஒலியை அனுப்பும் தன் டிரான்ஸ்மிட்டர்களை எல்லாம் அணைத்துவைத்து, அந்த வட்டாரத்தில் எந்தெந்த அலைவரிசை காலியாக இருக்கிறது என்று தேடி எடுத்தாள். ஒரு மைக்குக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தாள். ஒரே அலைவரிசையில் இரண்டு மைக்குகள் விழித்துக்கொண்டால் ஒன்று மற்றதன் கழுத்தை நெரிக்கும். பழைய பேட்டரிகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினாள். அண்ணன் பேசுவதற்கென்று சட்டையில் குத்தும் சின்ன மைக்கைத் தனியாக எடுத்துத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். இருப்பதிலேயே நல்ல மைக் அதுதான்.

சாப்பாட்டுக்கு முன் நடந்த முதல் சோதனையில் அண்ணன் குரல் மணி மாதிரி இருந்தது. ஒத்திகைக்காக வெள்ளைச் சீருடையில் வந்து உட்கார்ந்திருந்த மாணவிகளுக்கு நடுவே அவர் கையில் மைக்கோடு உலா வந்தார்.

"ஒன்னு, ரெண்டு, மூணு... இதோ உக்காந்திருக்கிறது என் பொண்ணு... நாலு, அஞ்சு... என்னத் தெரியாத மாதிரி முகத்தத் திருப்பிக்கிறா பாருங்க... ஆறு..."

மாணவிகள் கைதட்டினார்கள். பாப்பா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

சாப்பிட்டு வந்தபிறகுதான் அந்தச் சின்ன மைக். மைக்கம்மா அண்ணனின் சட்டைக்குள் கம்பியை விட்டு, துணியில் உரசாமல் ஒரு சின்னச் சுருள் போட்டு ஒட்டினாள். டிரான்ஸ்மிட்டர் பெட்டியை அவர் இடுப்பு வாரில் செருகினாள். அவர் வலது கையை உதறிக்கொண்டார்.

"என்னண்ணே?"

"மரத்துப்போன மாதிரி இருக்கு. அந்த ஸ்பீக்கரத் தூக்கினேன் இல்ல."

"தூக்காதேன்னா கேக்கிறியா? மேடையில கையக் கட்டிக்கிட்டு நின்னுடு, யாருக்கும் தெரியாது."

அவர் சிரித்தார். இவள் போய்த் தன் மேஜையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். எதிரே இருந்த சிறிய மைக்கைத் தட்டினாள். அதில் அவள் பேசினால் அரங்கம் முழுக்கக் கேட்கும்.

"நடண்ணே."

அண்ணன் நடந்தார். நடு வழியில் எல்லாம் சரி. வலப்பக்கச் சுவர் ஓரம் சரி. பிறகு பால்கனிக்கு அடியில் போனார். அந்த இடம் அவளுக்கு ஏற்கெனவே தலைவலி. பால்கனியின் அடிப்பகுதி முழுக்க இரும்புத் தகடு. எத்தனை நல்ல மைக்கும் அங்கே போனால் திக்கும்.

"ஒன்னு... ரெண்டு... மூ... மூ... ணு... நா..."

"வந்துட்டியா சனியனே" என்று தகட்டைத் திட்டினாள் மைக்கம்மா. "அண்ணே, அங்கயே நில்லு. நகராதே. திரும்ப எண்ணு."

"ஒன்... மூ... ரெ..."

மாணவிகளின் வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு எழுந்தது. "அங்கிள் கணக்குல வீக்குடி!" என்றாள் ஒருத்தி. அரங்கமே குலுங்கியது.

குரலை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் பேசி, மைக் பழுதாகிவிட்டதாகத் தங்கையைப் பதறவைப்பது அண்ணனின் விளையாட்டுகளில் ஒன்று. எத்தனையோ அரங்கங்களில் அப்படி ஏமாந்து, ரிசீவரைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, அவர் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்து அவரை அடிக்கப் போயிருக்கிறாள்.

"அண்ணே, விளையாட நேரமில்ல. நிஜமாவே அறுந்து வருதா, இல்ல நீ பண்றியா?"

பதில் இல்லை. கரகரவென்று ஏதோ கேட்டது. அப்படியானால் தகடுதான் என்று முடிவு கட்டினாள். ரிசீவரின் ஆன்டெனா ஒன்றைக் கழற்றித் திருப்பி வைத்தாள்.

"எண்ணு."

"மூ... மூ..."

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

"மூ..."

ஆன்டெனாவை இன்னும் உயர்த்தினாள். அவள் தலை நிமிரவில்லை. ஐயோ, அந்தத் தலை ஒரே ஒரு முறை நிமிர்ந்திருக்கக் கூடாதா!

மாணவிகளின் நடுவிலிருந்து பாப்பா எழுந்தாள். அவள் முகம் வெட்கத்தில் சிவந்திருந்தது.

"அப்பா, போதும்ப்பா! எல்லாரும் சிரிக்கிறாங்க. மானத்த வாங்காதீங்க!"

"பேட்டரியக் கழட்டி மாட்டு அண்ணே. புதுசுதான், ஆனாலும் பாரு" என்றாள் மைக்கம்மா.

ஹெட்போனில் இடுப்புப் பெட்டியின் மூடியை நகம் பிறாண்டும் ஓசை வந்தது. திரும்பவும் பிறாண்டியது. மூடி திறக்கவில்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் ஒற்றைக் கையால் பேட்டரி மாற்றும் மனிதர் அவர்.

"என்ன பண்றே? அதக்கூடக் கழட்டத் தெரியலையா இன்னிக்கு?"

அப்போதுதான் அவள் கண் ரிசீவரின் மேல் ஒழுங்காக விழுந்தது.

பச்சை விளக்குகள் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூடத் துடிக்கவில்லை. பால்கனிக்கு அடியில் சிக்னல் தங்குதடையில்லாமல் முழுசாக வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மூ..."

பிறகு இடைவெளி. அந்த இடைவெளியில் மூச்சுக் கேட்டது. வாயில் எச்சில் கோத்துக்கொள்ளும் ஓசை கேட்டது. எதிலோ சட்டை உரசியது கேட்டது. சிக்னல் அறுந்தால் மூச்சும் சேர்ந்து அறுந்துபோகும், ஒன்றுமே கேட்காது. இங்கே எல்லாம் கேட்கிறது. வார்த்தை மட்டும் வரவில்லை.

மைக்கில் கோளாறு இல்லை. மனிதருக்குத்தான் கோளாறு.

தலையைத் தூக்கினாள்.

பால்கனியின் நிழலில், தூணில் சாய்ந்து அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வலது தோள் சரிந்திருந்தது. வாயின் ஒரு ஓரம் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. நகராதே என்று அவள் சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டு, அவள் எண்ணச் சொன்னதை எண்ணப் பார்த்துக்கொண்டு, அவளையே வெறித்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்களில் இருந்த திகிலை அவள் எப்படி மறப்பாள்?

"பாப்பா!" என்று மைக்கில் அலறினாள். "பாப்பா, அப்பாவப் பாரு! அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சுடி!"

சிரிப்பு கத்தியால் வெட்டியதுபோல நின்றது. நாற்காலிகளை உதைத்துத் தள்ளிக்கொண்டு அவள் ஓடினாள். ஆனால் பாப்பா முந்திக்கொண்டாள். அவர் சரிந்து விழுவதற்குள் தாங்கிப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தாள்.

"அப்பா, என்னப் பாருங்க. சிரிங்கப்பா. எனக்காக ஒரு தடவ சிரிங்க!"

அண்ணன் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

இடது கை எழுந்தது. வலது கை தொடைமேலேயே கிடந்தது.

"ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க! பக்கவாதம்!" என்று பாப்பா கத்தினாள். அந்தக் கத்தல் மேடையின் இருபுறமும் இருந்த பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து இடிபோல வெடித்தது. அண்ணனின் சட்டையில் குத்தியிருந்த மைக் இன்னும் விழித்துக்கொண்டிருந்தது! அவர் முனகல், மகள் விம்மல், ஓடிவந்த பெண்களின் காலடி எல்லாம் கூரை அதிர ஒலித்தன. நிறுத்துவதற்கு மேஜையில் ஆள் இல்லை. நிறுத்தத் தெரிந்த ஒரே ஒருத்தி தரையில் அண்ணனின் காலடியில் கிடந்தாள்.

ரிசீவர் பக்கம் சத்தத்தை இறக்காமல் டிரான்ஸ்மிட்டரை அணைக்கக் கூடாது என்பது தொழிலின் பாலபாடம். மைக்கம்மா அண்ணனின் இடுப்பைத் தடவி, பெட்டியை இழுத்து, பொத்தானை அழுத்தினாள். 'டப்' என்று ஒரு பேரோசை அரங்கத்தை உலுக்கியது. பிறகு மயான அமைதி.

சற்று முன்புவரை சிரித்த பெண்கள்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டாள். அங்கிள் கணக்கில் வீக் என்று சொன்னவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே கதவுகளைத் திறந்துவிட்டுக்கொண்டு முன்னால் ஓடினாள்.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் அவசரமாக வெளியே வந்தார்.

"மூளையில ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. ரத்தக் கட்டியக் கரைக்க ஊசி போடலாம். ஆனா எப்போ ஆரம்பிச்சதுன்னு எனக்குச் சரியாத் தெரியணும். நேரம் தப்பாச் சொன்னா ஊசியே ஆளக் கொன்னுடும். கடைசியா இவர் நல்லாப் பேசினத யார் கேட்டது?"

எல்லோரும் மைக்கம்மாவைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா அண்ணி வந்து சேர வேண்டும்? விழாவுக்காக இருப்பதில் நல்ல உடையை உடுத்தி, தலைவாரி முடித்த கோலத்தில், செருப்புகூட இல்லாமல் ஓடிவந்திருந்தாள்.

கீழே சரிந்தபோதுதான் தெரிந்தது என்று சொல்லிவிடலாம். யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் உள்ளே கிடந்தது அவள் அண்ணன்.

"சாப்பிட்டதும் மைக் மாட்டினேன் டாக்டர். அப்பவே கை மரத்துப்போச்சுன்னாரு. நான்... ஸ்பீக்கர் தூக்கினதுன்னு விட்டுட்டேன். அப்புறம் குரல் உடைஞ்சுது. மைக் கோளாறுன்னு நெனச்சேன். அங்கயே நிக்கவச்சு... எண்ணச் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"சாப்பிட்டு முடிச்ச உடனேன்னு வச்சுக்கலாமா?"

"ஆமா, அப்ப மணி ஒன்னரை. அதுக்கு முன்னாடி பேசினது சுத்தமா இருந்துச்சு. அது எனக்கு நல்லாத் தெரியும்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் இருக்கு" என்று உள்ளே ஓடினார்.

மைக்கம்மா மெல்ல அண்ணியின் பக்கம் திரும்பினாள். அண்ணி அழவில்லை. கல்லாக நின்றாள்.

"அவர் தடுமாறினது உனக்குக் கேட்டுச்சு."

"கேட்டுச்சு அண்ணி."

"கேட்டுக்கிட்டே இருந்தியே, ஒரு தடவ தலையத் தூக்கி அவர் முகத்தப் பாத்தியா?"

மைக்கம்மா காதைப் பொத்திக்கொண்டாள். சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தாள். அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அம்மா, அத்தைய மட்டும் சொல்லாதீங்க" என்று பாப்பா உடைந்து அழுதாள். "நான் அவரத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இந்த நோயோட அறிகுறியையே பரீட்சையில எழுதி முதல் மார்க் வாங்கினேன். மானத்த வாங்காதீங்கன்னு கத்தினேம்மா! நான் கத்தினப்ப அவர் என்னப் பாத்தாரும்மா!"

அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாத்தனாரின் பக்கத்திலேயே வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

"சேர்ந்துதான் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ம்."

"நல்லாச் சாப்பிட்டாரா?"

"ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு அண்ணி."

அதைக் கேட்டபிறகுதான் அண்ணி வாய்விட்டு அழுதாள்.

மாலையில் விழா மைக் இல்லாமலே நடந்ததாகச் சொன்னார்கள். பெற்றோர் சார்பில் யாரும் பேசவில்லையாம். முதல் மாணவியின் பெயரைச் சொன்னபோது, அவள் மருத்துவமனையில் தந்தையோடு இருப்பதாக முதல்வர் அம்மாள் சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டாராம். மைக்கம்மாவின் மேஜையில் யாரும் கை வைக்கவில்லை. பெட்டிகள் மறுநாள் அவளே போய் எடுத்து வரும்வரை அப்படியே கிடந்தன.

"உயிருக்குப் பயமில்ல" என்றார் டாக்டர் அடுத்த நாள் காலையில். "கை, கால் கொஞ்சம் கொஞ்சமாச் சரியாகும். பேச்சுதான்... வரலாம். எப்ப வரும், எவ்வளவு வரும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

மூவரையும் உள்ளே விட்டார்கள். அண்ணன் கண் விழித்திருந்தார். முகம் வீங்கி, ஒரு நாளில் பத்து வயது கூடியவராகத் தெரிந்தார். தங்கையைக் கண்டதும் அவர் உதடுகள் அசைந்தன. ஏதோ ஒரு ஓசை வந்தது. அதில் எழுத்தும் இல்லை, சொல்லும் இல்லை.

மைக்கம்மா கட்டிலின்மேல் குனிந்தாள். எத்தனை இரைச்சலிலும் அந்தக் குரலைத் தனியே பிரித்தெடுத்த காது அது. மீண்டும் அந்த ஓசை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒன்றும் புரியவில்லை. தன் அண்ணன் தன்னிடம் பேசுகிறார். அது தனக்கு விளங்கவில்லை!

"அண்ணே... எனக்குத் தெரியலையே அண்ணே..." என்று அரற்றினாள்.

தலைமாட்டில் நின்ற அண்ணி அவர் முகத்தையே பார்த்தபடி நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"வெயில் கண்ணுல அடிக்குதாம். அந்தத் திரைய இழுத்து விடு" என்றாள்.

மைக்கம்மா ஜன்னலுக்குப் போய்த் திரையை இழுத்தாள். அறை இருண்டது. அண்ணனின் முகச் சுளிப்பு தளர்ந்தது. கண்கள் நிம்மதியாக மூடிக்கொண்டன.

"இதுதானா அண்ணி கேட்டாரு?"

"இதத்தான் கேட்டாரு."

திரையின் ஓரத்தைக் கையில் பிடித்தபடி அவள் அங்கேயே நின்றாள். விட்டால் திரும்ப வெளிச்சம் வந்துவிடுமோ என்று பயந்தவள்போல, வெகுநேரம் அதை விடாமல் நின்றுகொண்டிருந்தாள்.